எஃப்1 அழுத்தினால் ஏதாவது வர வேண்டுமே: கையைக் கடிக்காமல் ஹெல்ப் ஃபைல் செய்த அனுபவம்

திருப்பூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் (வெளிப் பட்டறைகளில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், அயர்னிங் என்று போகிற சரக்கில் எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ நிற்கிறது, எந்த டி.சி.க்கு (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எவ்வளவு திரும்பியது என்று காட்டும் விண்டோஸ் புரோகிராம். பல வருஷமாக அதில் எஃப்1 அழுத்தினால் ஒன்றும் வராது. உதவி என்றால் போன்தான். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் அன்றைக்கு மதியத்திலிருந்து போன் ஓயாது. ஹெல்ப் ஃபைல் எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தபோது அதற்கென்று ஒதுக்க முடிந்தது 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகை. அதை டூல் வாங்கச் செலவழிப்பதில்லை, எழுதுகிற ஆளுக்கே கொடுப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம்.

எழுதுகிற ஆள் யார்? எங்கள் ஆபீஸில் போன் எடுக்கும் அக்காதான். முன்பு ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தவர். புரோகிராம் எழுதும் எங்களைக் கேட்டால் மெனுவில் உள்ள வரிசைப்படி "மாஸ்டர், என்ட்ரி, ரிப்போர்ட்" என்று எழுதி வைத்திருப்போம். அக்காவிடம் வந்த போன்களைக் குறித்து வைக்கும் ஒரு லெட்ஜர் இருந்தது. அதில் மெனு பெயரே இல்லை. "ஏனுங்கம்மணி, சாயத்துக்கு 200 கிலோ அனுப்பிச்சேன், 188தான் வந்துருக்குது, மீதி 12 கிலோ பேலன்ஸ்லயே நிக்குதுங்க, இத எப்படி எடுக்கறது?" இந்த மாதிரிதான் இருந்தது. இதே கேள்வி லாட் மாறி, பட்டறை மாறித் திரும்பத் திரும்ப வந்திருந்தது. எங்கள் ஸ்கிரீனில் "பிராசஸ் லாஸ்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கேட்டவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. ஆனால் அதைத் தொட்டால் சாயப்பட்டறைக்காரர் கணக்கில் கை வைத்ததாகிவிடுமோ என்ற பயம். ஆகவே அந்தப் பக்கத்தில் எந்தப் பட்டனை அமுக்குவது என்பதைவிட, அமுக்கினால் எந்தக் கணக்கு மாறும், எது மாறாது என்பதைத்தான் முதலில் எழுதினோம். லெட்ஜரில் அதிகம் வந்த கேள்விகளே தலைப்புகள். கேட்டவர் கேட்டபடியே தலைப்பு: "சாயத்துக்குப் போன துணி எடை குறைந்து வந்தால்?" மாஸ்டர் ஸ்கிரீன்களில் பாதிக்கு இன்று வரை பக்கமே இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

எந்த வடிவத்தில் கொடுப்பது என்பதில்தான் தலைவலி. விண்டோஸின் பழைய ஹெல்ப் வடிவமான ஹெச்.எல்.பி. ஃபைல் விஸ்டாவோடு போய்விட்டது. அதற்கு அடுத்து வந்த ஹெல்ப் வடிவம் சி.எச்.எம். மைக்ரோசாஃப்ட் 1997-இல் கொண்டுவந்தது. அதைச் செய்யும் ஹெச்.டி.எம்.எல். ஹெல்ப் ஒர்க்‌ஷாப்பும் இலவசம். ஒரே ஃபைல், இடப்பக்கம் பொருளடக்கம், தேடுவதற்கு இடம், எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவதாக இருந்தால், அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் ஆகும் சாஃப்ட்வேராகவும் இருந்தால், இன்றைக்கும் அதையே சொல்வேன்.

எங்களுக்கு இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, சி.எச்.எம்.-இன் பொருளடக்கமும் தேடலும் யூனிகோடுக்கு முந்தைய கோட் பேஜ் முறையில் (மொழிக்கு ஒரு எழுத்து அட்டவணை) வேலை செய்பவை. தமிழுக்கு அப்படியொரு கோட் பேஜே கிடையாது. பக்கத்துக்குள் தமிழ் அழகாகத் தெரியும், இடப்பக்கத் தலைப்புகளோ வரிசையாகக் கேள்விக்குறிகள். இரண்டாவது, இங்கே பெரும்பாலான ஆபீஸ்களில் புரோகிராம் ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். மற்ற டேபிள்களில் இருந்து ஷேர் ஃபோல்டர் வழியாக ஷார்ட்கட் வைத்து ஓட்டுவார்கள். 2005-இல் வந்த பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து நெட்வொர்க் ஃபோல்டரில் உள்ள சி.எச்.எம்.-ஐத் திறந்தால் பக்கம் வெள்ளையாகவே நிற்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் செட்டிங்கை மாற்றினால் சரியாகும்தான். ஹெல்ப் ஃபைலைத் திறக்க வைக்க ஆள் அனுப்புவதென்றால், அந்த ஆளே நேரில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமே.

புரோகிராமுக்குள்ளேயே ஹெல்ப் பக்கத்தைக் காட்டும்படி வெப்வியூ2 (மைக்ரோசாஃப்டின் உள்ளமை பிரவுசர்) வைக்கலாம் என்று தம்பி ஒருவன் சொன்னான். நல்ல யோசனைதான். விண்டோஸ் 7-க்கு அதன் ஆதரவு 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது, எங்கள் கஸ்டமர்களில் விண்டோஸ் 7-ஐ விடாதவர்கள் நிறையப் பேர். காசு கொடுத்து வாங்கும் டூல்களைப் பார்த்ததோடு சரி. ஹெல்ப்எண்டாக் சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும்.

கடைசியில் சாதாரண ஹெச்.டி.எம்.எல். பக்கங்கள் அடங்கிய ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். அக்கா நோட்பேடில் மார்க்டவுன் என்ற எளிய குறி முறையில் எழுதுவார். தலைப்புக்கு ஒரு குறி, வரிசைக்கு எண், படத்துக்கு ஒரு வரி. இதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஒரு டீ நேரம் போதுமானதாக இருந்தது. பான்டாக் என்ற டூல் அதை ஹெச்.டி.எம்.எல். ஆக்கும். இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் டூல், எங்கள் புரோகிராமோடு சேர்த்து அந்த ஃபோல்டரையும் கொண்டுபோய் வைக்கும். மூன்றும் எங்களுக்கு இலவசமாகவே கிடைத்தன.

எஃப்1-ஐ இணைக்க நாங்கள் எடுத்த வழி மிக எளிது: ஃபார்மின் (புரோகிராமில் ஒவ்வொரு ஸ்கிரீனின்) பெயர் எதுவோ அதுவே பக்கத்தின் ஃபைல் பெயர். பக்கம் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் பொருளடக்கம் திறக்கும். ஒரே நீளப் பக்கமாக எழுதி நடுவில் குறி வைத்து அந்த இடத்துக்குத் தாவ வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புரோகிராமிலிருந்து லோக்கல் ஃபைலைப் பிரவுசரில் திறக்கச் சொல்லும்போது முகவரியில் ஹாஷ் குறிக்குப் பிறகு உள்ளது பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும், பக்கத்தின் தலையில்தான் போய் நிற்கும். ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, பல லேப்டாப்களில் எஃப்1-ஐ அழுத்தினால் சத்தம்தான் நிற்கும், ஹெல்ப் வராது. ஒவ்வொரு ஃபார்மிலும் "உதவி" என்று ஒரு பட்டனும் வைத்தோம். எல்லோரும் அமுக்குவது அதைத்தான்.

தேடல் பகுதி எதிர்பாராத அளவுக்கு நேரம் தின்றது. மார்க்டவுன் பக்கங்களைத் தேடலோடு சேர்த்து ஒரு தளமாக ஆக்கித் தரும் டூல்கள் உண்டு. அவற்றில் எம்கேடாக்ஸில் செய்தால் லோக்கல் ஃபைலாகத் திறக்கும்போது தேடல் ஓடுவதில்லை; குரோம் அந்த இன்டெக்ஸ் ஃபைலைப் படிக்க விடாது. அதே மாதிரி இன்னொரு டூலான ஸ்ஃபிங்ஸில் அந்தத் தடை இல்லை. ஆனால் சொல் பிரிக்கும் முறையில் தமிழ் அடிபடும். உயிர்மெய்யின் கொக்கியையும் சுழியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே கருதாததால் "துணி" என்பது த, ண என்று இரண்டு துண்டாகிவிடும். எங்களுடையது சில டஜன் பக்கங்கள். எல்லாப் பக்கத்தின் எழுத்தையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் கொட்டி, அடித்த எழுத்து எங்கே வருகிறது என்று நேராகத் தேட வைத்துவிட்டோம். "துணி" என்று அடித்தால் துணியை, துணிக்கு எல்லாம் மாட்டும். "பணம்" அடித்தால் "பணத்தை" மாட்டாது. அதற்காக ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி. பணம், பேமென்ட், துட்டு, அட்வான்ஸ் என்று ஆள்கள் அடிக்கக்கூடியதை எல்லாம் அக்கா அதில் சேர்த்துவிடுவார்.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் நான் கஞ்சன். ஸ்கிரீனைப் படம் பிடிக்கும் கிரீன்ஷாட் இலவசம் என்பதற்காக முழு ஸ்கிரீனையும் பிடித்து ஒட்டக் கூடாது. ஒரு பட்டன் இடம் மாறினால் பத்துப் படம் மாற்ற வேண்டியிருக்கும். ஆள்கள் தடுமாறும் கட்டத்தை மட்டும் வெட்டிப் போடுகிறோம். கஸ்டமர் டேட்டாவில் படம் எடுப்பதே இல்லை. யார் யாரிடம் என்ன ரேட்டுக்குச் சாயம் போடுகிறார் என்பது இந்த ஊரில் வெளியே போகக் கூடாத சமாச்சாரம். மாதிரிக் கம்பெனி ஒன்றை உருவாக்கி, 33-இல் தொடங்கும் ஜி.எஸ்.டி. எண்ணின் மீதியைப் படத்தில் மறைத்துவிடுகிறோம்.

சட்டம் சம்பந்தப்பட்டதைத் தனி ஃபைலாக வைத்ததுதான் பிறகு அதிகம் கைகொடுத்தது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு 1 வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். எங்கள் புரோகிராம் அதற்கு முன்கூட்டியே சிவப்பில் காட்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. படிவமான ஐ.டி.சி.-04-ஐ, 2021 அக்டோபரிலிருந்து, வருஷ விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறையும் மற்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையும் போட வேண்டும். அதற்கு முன்பு காலாண்டுக் கணக்கு. இந்தத் தேதிகளை டி.சி. போடும் பக்கம், ரிப்போர்ட் பக்கம் என்று எங்கும் எழுதவில்லை. எல்லாம் அந்த ஒரே பக்கத்துக்கு இணைப்பு மட்டும். எழுதியதை எங்களுக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். ஒதுக்கிய பணத்தில் அக்காவுக்குப் போக மீதி அவருக்குத்தான் போனது.

போன் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால் "எப்படிப் போடறது" என்று வரும் போன் குறைந்து, "நீங்க எழுதினபடி செஞ்சேன், கணக்கு இடிக்குதுங்க" என்று வருகிறது. அது எங்களுக்கு உபயோகமான போன். சில முதலாளிகள் கம்ப்யூட்டரில் படிக்க மாட்டேன், புஸ்தகமாக வேண்டும் என்கிறார்கள். அதே பக்கங்களைக் குரோமில் பி.டி.எஃப். ஆக்கி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கொடுக்கிறோம். அதற்கு மட்டும் தனியாகப் பணம் வாங்குகிறோம்.