ஹட்சன் கரை டச்சுக் குடும்பங்கள்: ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

இன்றைய நியூயார்க் பகுதியில் இருந்த டச்சுக் குடியேற்றமான நியூ நெதர்லாந்தின் குடியேறிகளது வம்சாவளியைத் தேடுகிறவர்கள் முதலில் தடுமாறுவது குடும்பப்பெயரில்தான். 1664-ல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிய காலத்தில் பலருக்கும் நிலையான குடும்பப்பெயரே இல்லை. யான் பீட்டர்ஸ் என்றால் பீட்டரின் மகன் யான். அவருடைய மகன் ஹெண்ட்ரிக் யான்ஸ். ரூஸ்வெல்ட் குடும்பத்தின் மூதாதை கிளாஸ் மார்டென்சன் வான் ரோசன்வெல்ட். ரூஸ்வெல்ட் என்ற வடிவம் மகன் நிக்கோலஸ் காலத்தில்தான் நிலைத்தது.

ஆகவே டச்சு சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிடியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் 1660 முதலும் ஆல்பனியில் 1683 முதலும் இருக்கிறது. தாயின் பெயர் திருமணத்துக்கு முந்தைய பெயராகவே பதிவாகியிருக்கும், இதைவிடப் பெரிய உதவி கிடையாது! சாட்சிகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாத்தா பாட்டி, அத்தை, மாமாதான்.

முதல் இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாத்தாக்களின் பெயர் வைப்பது வழக்கம். ஒரு குழந்தை இறந்தால் அடுத்ததற்கும் அதே பெயர் வரும். இரண்டையும் ஒரே ஆளாக்கிவிட்டால் வயதுக் கணக்கு குழம்பிப்போகும். டச்சுப் பெயர்கள் ஆங்கில ஆவணத்தில் மாறும்: டிரைன்ட்யே கேத்தரின் ஆவார், டியூனிஸ் ஆண்டனி ஆவார்.

தேதியும் ஏமாற்றும். எல்லைக் குடியிருப்பான ஷெனெக்டடியைப் பிரெஞ்சுப் படையும் அதன் பூர்வகுடிக் கூட்டாளிகளும் எரித்தது ஆங்கிலேயரின் பழைய ஜூலியன் நாட்காட்டியில் 1690 பிப்ரவரி 8, பிரெஞ்சுக்காரரின் கிரிகோரியன் நாட்காட்டியில் பிப்ரவரி 18. அதற்கு முந்தைய ஷெனெக்டடிக் குடும்பங்களை ஆல்பனிப் பதிவேட்டில் தேடுங்கள்.