168 கையெழுத்து வாங்கியும் 12 குறைந்த கதை

ஹூஸ்டனில் ஜோனிங் (எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற நகர விதி) இல்லாததால் பழைய குடியிருப்புகளுக்குப் பெரும்பாலும், மனையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பத்திரத்தில் எழுதிப் பதிந்த கட்டுப்பாடான டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்தான் வேலி என்பது இங்கே வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும். அதைத் திருத்தப் போனால் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மூலப் பத்திரத்தின் திருத்த ஷரத்தைப் படியுங்கள். "இந்தக் காலம் முடியும்போது" திருத்தலாம் என்று இருந்தால், கட்டுப்பாடு தானாகப் புதுப்பிக்கப்படும் தேதிக்கு முன்பே திருத்தம் பதிவாக வேண்டும். தவறினால் பெரும்பாலும் அடுத்த பத்தாண்டுக்கு அதே விதிதான். உறுப்பினராவது கட்டாயம் என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள இடங்களுக்கு டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயம்: உரிமையாளர் வாக்குகளில் 67 சதவீதம் போதும், பத்திரம் அதற்கும் குறைவாகச் சொன்னால் அந்தக் குறைவே செல்லும். எங்களுக்குச் சங்கம் இல்லை. 201-ஆம் அத்தியாயம்தான் வழி: மூன்று பேருக்குக் குறையாத கமிட்டி, கவுன்டி கிளார்க்கிடம் (பத்திரங்களைப் பதியும் அலுவலர்) அறிவிப்பு, அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் பதிவு.

அந்த மனுவில் 75 சதவீத மனைகளின் உரிமையாளர்கள் நோட்டரி (கையெழுத்தைச் சான்றளிப்பவர்) முன்னால் கையெழுத்திட வேண்டும். 75 சதவீதம் என்பது மொத்த மனைகளில். எங்கள் செக்‌ஷனில் 212 மனை, ஆக 159. பதில் சொல்லாமல் கதவைச் சாத்துகிறவரும் "வேண்டாம்" கணக்குதான். அடுத்த தெருவே ஆனாலும் வேறு செக்‌ஷன் என்றால் அதற்குத் தனிப் பத்திரம், தனிக் கணக்கு.

168 கையெழுத்து சேர்ந்தது. வக்கீல் உட்கார்ந்து 21-ஐ அடித்தார்; மிச்சம் 147, தேவைக்கு 12 குறைவு. ஒன்பதில், பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க ஒருவர் மட்டும் போட்டிருந்தார். நான்கு வீடுகள் எல்எல்சி என்ற கம்பெனிகளின் பெயரில். கையெழுத்துக்குக் கீழே "மேனேஜர்" என்ற பதவி இல்லை. மூன்றில் உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் போட்டிருந்தார். யார் வாரிசு என்ற உறுதிமொழிப் பத்திரம் (வாரிசு அஃபிடவிட்) முதலில் பதிவாக வேண்டும். அதற்குக் குடும்பத்துக்கு வெளியே, சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகளைப் பிடிக்க வேண்டும். மீதி ஐந்துதான் இன்னும் வயிற்றெரிச்சல்: கமிட்டியிலேயே ஒரு நோட்டரி இருக்கிறாரே, காசு மிச்சம் என்று அவரிடமே முத்திரை வாங்கினோம். அங்கே வீடு வைத்திருப்பவர் பலன் அடைகிறவர், அவர் முத்திரை செல்லாது. வெளி நோட்டரிக்குச் சட்டப்படி முதல் கையெழுத்துக்கு அதிகபட்சம் 10 டாலர். ஐம்பது டாலரை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து வாசல் மறுபடி ஏறினோம்.

வரி மதிப்பீட்டு அலுவலகப் பட்டியலை நம்பிக் கதவைத் தட்டாதீர்கள்; விற்ற வீடு அதில் ஏறச் சில மாதம் ஆகும். கிளார்க் பதிவில் கடைசிப் பத்திரத்தை எடுத்து, அதில் உள்ளபடி முழுப்பெயர், லாட் (மனை), பிளாக் (மனைத்தொகுதி) எண்களை மனுத்தாளில் முன்கூட்டியே அச்சடித்துவிடுங்கள். அழைப்பது "பாப்" என்றாலும் பத்திரத்தில் "ராபர்ட்" என்றால் ராபர்ட்தான். வெளியூரில் இருப்பவருக்கு ஆன்லைன் நோட்டரி டெக்சஸில் செல்லும். ஒரு மனைக்கு ஒரு தாள் வையுங்கள். பதிவில் முதல் பக்கம் போக ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 டாலர் ஆகும்; ஆனாலும் ஒன்று கெட்டால் மற்றவை தப்பிக்கும்.

அடிபட்டவற்றைச் சரிசெய்து கடைசியில் 161-இல் முடித்தோம். பதிவு ஒரே நடையில் ஆனது. கையெழுத்திடாதவருக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தன் மனையை விலக்கிக்கொள்ள உரிமை உண்டு. அதனால் சர்ட்டிஃபைட் தபாலைப் பெற்றதற்குக் கையெழுத்தோடு திரும்பி வரும் பச்சை அட்டைகளைத் தொலைக்காதீர்கள், அந்த ஒரு வருடம் தொடங்கிய தேதிக்கு அதுதான் சாட்சி. மூலை மனைக்காரர் பதினோராவது மாதம் விலகல் மனு பதிந்தார்.