மூலையில் இருக்கும் சின்னப் படம்

பழைய வீடியோ கேம் விளம்பரம் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் மூலையைத்தான். பக்கம் முழுக்க தீப்பிழம்பும் விண்கலமும் வாள் தூக்கிய வீரனும் இருப்பார்கள். கீழே ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் இருக்கும். டிவியில் உண்மையில் என்ன தெரியும் என்பதைச் சொல்வது அந்தச் சதுரம் மட்டும்தான்.

இந்தப் பழக்கம் வேலையில் வந்தது. 1990-களின் நடுவில் மார்த்தாண்டத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்தேன். விற்பனையும் பார்க்க வேண்டும், பின்பக்கம் உட்கார்ந்து சர்வீஸும் பார்க்க வேண்டும். மிக்சி, டேப் ரெக்கார்டர், டிவி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஷோகேஸ் நிறைய டிவி கேம் இருந்தது. பெரும்பாலும் சென்னை பர்மா பஜாரிலிருந்து வந்த நகல்கள். 1983-இல் நின்டென்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் மெஷினைப் பார்த்துச் செய்தவை. ஒரிஜினல் செட்டுகள் கல்ஃப்காரர்கள் வீட்டிலிருந்து ரிப்பேருக்கு மட்டுமே வரும். பெட்டியோடு கொண்டுவருவார்கள். பெட்டிக்குள் நான்காக மடித்த விளம்பரத் தாள் இருக்கும். செட்டைச் சரிசெய்வதற்கு முன் அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கவுண்டரில் நின்றால் ஒன்று புரியும். வாங்க வருகிறவர் படத்தைப் பார்த்துத்தான் கேட்பார். கான்ட்ரா என்ற விளையாட்டின் கேசட்டின் மேல் அர்னால்டு, ஸ்டாலோன் சாயலில் இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்பார்கள். டிவியில் போட்டால் விரல்நுனி அளவுக்கு இரண்டு உருவங்கள் குதித்துக் குதித்து ஓடும். "இதுக்குள்ள அந்த ஆளு எங்க அண்ணே?" என்று பையன்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலையில் பாதி. ஆடவிட்டுக் காட்டுவேன். இரண்டு நிமிஷத்தில் கேள்வி மறந்துவிடும், ரிமோட்டைக் கையிலிருந்து வாங்க முடியாது. கான்ட்ரா அவ்வளவு நல்ல விளையாட்டு. படத்தின் உதவி அதற்குத் தேவையே இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் படம் வரைந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1977-இல் வந்த அட்டாரி மெஷினுக்கு இருந்த நினைவகம் வெறும் 128 பைட். அதில் சதுரமும் கோடும்தான் வரும். விமானமா, டாங்கியா, காட்டு மிருகமா என்பதைப் பெட்டியின் மேல் இருந்த ஓவியம்தான் சொன்னது. அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஆடுகிற பிள்ளைக்குச் சதுரமும் விமானமாகத் தெரியும். அந்த அட்டைகள் விளையாட்டின் பாதி என்பது என் கட்சி. அதே காரணத்தால்தான் 1987-இல் அமெரிக்காவில் வந்த மெகா மேன் அட்டை எனக்குக் கோபத்தைத் தருகிறது. விளையாட்டில் அவன் கையே பீரங்கி. அட்டையிலோ நடுவயது மனிதர் ஒருவர் கைத்துப்பாக்கியோடு கோணலாக நிற்கிறார். வரைவதற்கு முன் யாரும் ஒருமுறை ஆடவிட்டுக் காட்டியிருக்கலாம்.

அந்தச் சின்னச் சதுரத்தையே பெரிதாக்கிக் காட்டியவர்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் மேட்டல் நிறுவனம் தன் இன்டெலிவிஷன் கேம் மெஷினுக்காக எழுத்தாளர் ஜார்ஜ் பிளிம்ப்டனை வைத்து விளம்பரம் செய்தது. அட்டாரி திரை ஒரு பக்கம், தங்கள் திரை மறுபக்கம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் 1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்தது. அங்குள்ள கடைக்காரர்கள் கேம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட சமயத்தில், 1985-இல் நின்டென்டோ உள்ளே வந்தது. அதன் முதல் வரிசைக் கறுப்புப் பெட்டிகளில் திரையில் தெரிகிற அதே கட்டம் கட்டமான உருவத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஏமாந்து சலித்தவர்களிடம் விற்க அதைவிட நல்ல வழி இல்லை.

அதே நின்டென்டோ விளம்பரங்களில் முன்னால் நின்றது ராப் என்ற பொம்மை ரோபோ. அதோடு சேர்ந்து ஆட வந்தவை இரண்டே விளையாட்டுகள். கடைக்குள் நுழைய ரோபோ, வீட்டுக்குப் போனபின் மரியோ. எங்கள் ஷோகேஸில் அந்த ரோபோவின் இடத்தில் டிவியைப் பார்த்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கி இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கியை வைத்தால்தான் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். வாத்து சுடும் விளையாட்டைத் தவிர வேறு எதற்கும் அவர்கள் அதை எடுப்பதில்லை. ஆனால் அது வேலை செய்யும் விதம் எனக்குப் பெரிய அதிசயம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்துப்போகும், வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். பழைய பிக்சர் டியூப் டிவிக்கென்றே செய்த ஏற்பாடு. இன்றைய எல்சிடி டிவியில் அது சுடாது.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் கடைக்கு நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்தார்கள். அச்சகத்துக்காரர் பெட்டி மேலிருந்த ஓவியத்தையே போடலாம் என்றார். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, "பெட்டியில உள்ள படத்தப் போடாண்டாம் மக்கா, டிவியில என்ன தெரியுதோ அதப் போடு. பின்ன வந்து சண்டை பிடிக்கப்பிடாது" என்றார். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோவிலிருந்து கேமராக்காரரைக் கூட்டி வந்தேன்.

டிவி திரையைப் படம் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபிளாஷ் போட்டால் திரை வெளுத்துப்போகிறது. கண்ணாடி வெளியே உப்பியிருப்பதால் டியூப் லைட்டும் எங்கள் சட்டையும் அதில் தெரிகின்றன. நம் ஊர் டிவி படத்தை விநாடிக்கு 25 முறை, வரி வரியாக மேலிருந்து கீழே வரைகிறது. கேமரா ஷட்டர் வேகமாக மூடினால் பாதிப் படமும் ஒரு கறுப்புப் பட்டையும்தான் ஃபிலிமில் விழும். அந்த அண்ணன் அனுபவசாலி. கடை ஷட்டரை இழுத்துவிடச் சொன்னார், விளக்கை அணைத்தார், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஷட்டரை எட்டில் ஒரு விநாடிக்கு வைத்தார். மரியோ குதிக்கிற உச்சியில் நான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி விளையாட்டை நிறுத்த வேண்டும், அவர் கிளிக் செய்ய வேண்டும். மூடிய கடைக்குள் வியர்த்து ஊற்றியது. மரியோவை ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் மேலே உள்ள மேகமும் கீழே உள்ள புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு என்பது கண்ணில் பட்டது. 40 கிலோபைட்டுக்குள் ஒரு உலகத்தை அடக்கியவர்கள் அப்படித்தான் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த விளையாட்டின் மேல் மரியாதை கூடிவிட்டது.

நோட்டீஸ் மஞ்சள் தாளில் இரண்டு நிறத்தில் வந்தது. திரையின் கோடுகளும் அச்சுப் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதிப் படம் அலை அலையாக இருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு குலசேகரத்திலிருந்தும் கருங்கலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "இந்த மீசைக்காரன் ஓடுற கேம் வேணும்" என்றார்கள். டிவியில் போட்டுக் காட்டியதும் நோட்டீஸையும் திரையையும் ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

சர்வீஸ் பக்கம் பெரும்பாலும் ஒரே நோய்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம், பக்கத்திலேயே கடல். குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கேசட்டுகளின் பித்தளை நிறப் பற்கள் கறுத்துப்போயிருக்கும். வாயால் ஊதி ஊதிப் போடுவார்கள், அந்த ஈரம் இன்னும் கெடுக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

சோனியின் பிளேஸ்டேஷன் மெஷின் வந்தபின், 1990-களின் கடைசியில் விளம்பரத்தின் முகம் மாறியது. 1997-இல் மூன்று சிடிகளில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7-க்கு, நடுநடுவே ஓடும் கிராஃபிக்ஸ் சினிமாக் காட்சிகளைக் காட்டியே ஆள் சேர்த்தார்கள். நாம் கையால் ஆட்டுகிற உருவமோ கட்டைக் கையும் கட்டைக் காலுமாக இருக்கும். ஓவியம் என்றால் அது ஓவியம் என்று பார்க்கிற எவருக்கும் தெரியும். இது திரையில் வருவது மாதிரியே இருக்கும், ஆனால் ஆடும்போது வராது. அட்டாரி காலத்து ஓவியர்களை மன்னிக்கிற என்னால் இதை ஏற்க முடிவதில்லை.

அமெரிக்க, ஜப்பானிய விளம்பரங்களை எல்லாம் இன்று யார் யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். இரவு உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகப் பார்க்கிறேன். நம் ஊர் நோட்டீஸ்களைத்தான் எங்கும் காணவில்லை. எங்கள் கடை நோட்டீஸ் என்னிடமே ஒன்றுகூட இல்லை. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய டிவி கேம் பெட்டி இருந்தால், உள்ளே மடித்து வைத்த தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மடிப்பை நீவிவிட்டு, மூலைகள் வெட்டுப்படாமல் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள்.