'கிப்ஸ்லாந்து வெள்ளைக்காரப் பெண்': பழைய பத்திரிகைகளில் தேடிய அனுபவம்

1840களில் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் குர்னாய் பழங்குடியினர் பிடித்து வைத்திருப்பதாக வதந்தி பரவியது. அதை அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலேயே படிக்க ஆசைப்பட்டேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் அவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

தேடும்போது காலத்தை 1840 முதல் 1848 வரை என்று குறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிற்காலத்து நினைவுக் கட்டுரைகள் வந்து குவியும். கதை 1840 டிசம்பரில் சிட்னி ஹெரால்டில் தொடங்குகிறது. குர்னாய் முகாம் ஒன்றில் ஐரோப்பியத் துணிமணிகள் கிடந்தன, விலகிப்போனவர்களில் ஒரு பெண் அடிக்கடி திரும்பிப் பார்த்தாள் என்று அங்கே குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர் ஆங்கஸ் மக்மில்லன் எழுதிய கடிதம் அது. ஆதாரம் அவ்வளவுதான்!

1846இல் மெல்போர்ன்காரர்கள் பணம் திரட்டி, டி வில்லியர்ஸ், வார்மன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்காக ஆங்கிலத்திலும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் செய்தி அச்சிட்ட கைக்குட்டைகளைக் காட்டில் விட்டு வந்தார்கள். பெண் கிடைக்கவில்லை. குர்னாய் மக்களிடம் இருந்தது, உடைந்த கப்பலொன்றின் முகப்பில் இருந்த மரச்சிற்பம்.

அப்புறம் 1847இல் அரசே ஆட்களை அனுப்பியது. இங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் புஞ்சலீன் என்ற குர்னாய் தலைவரிடம் இருக்கிறாள் என்று சொல்லி, அவரையும் குடும்பத்தையும் பிணையாகப் பிடித்து, மெல்போர்னுக்கு அருகே நாரே நாரே வாரனில் இருந்த போலீஸ் முகாமில் வைத்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. 1848இல் காவலிலேயே இறந்துபோனார். யாரும் கண்டிராத பெண்ணுக்குப் பத்தி பத்தியாக எழுதியவர்கள், கண்ணெதிரே சிறைப்பட்டிருந்த மனிதரைப் பற்றி எழுதியதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அவர் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். புஞ்சலீன், புங்கலீன், புங்கெலீன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்திரிகைப் படங்களின் மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து எழுத்தாக்கியிருப்பதால், பெயரில் சிக்காதது சில சமயம் ஊர்ப் பெயரில் சிக்கும்.

1843இல் அதே கிப்ஸ்லாந்தின் வாரிகல் க்ரீக்கில் குடியேறிகள் குர்னாய் மக்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். அதைப் பற்றி அந்த ஆண்டுப் பத்திரிகைகளில் எனக்கு ஒரு வரிகூடச் சிக்கவில்லை.

ட்ரோவில் எழுத்துப் பிழைகளை யாரும் திருத்தலாம். புஞ்சலீன் பெயர் சிதைந்து கிடந்த இடங்களைத் திருத்திவிட்டேன். இனித் தேடுகிறவர்களுக்கு அவர் சுலபமாகக் கிடைப்பார்.