சாம்பல் மூடி

மே 4
காலை 5.40. அக்கா குசினிச் சுவரைப் பிடித்தபடி நின்றா. மேலுதடு, பின்கழுத்து எல்லாம் வியர்வை. கேட்டதற்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமில்லை. இரத்தச் சீனி பார்க்கும் மீட்டரில் 51, குறைவு. மூன்று தேக்கரண்டி சீனி, அரைக் கிளாஸ் தண்ணீர், பாதித் தேசிக்காய். 15 நிமிடத்தில் 78, பேச்சும் சரி. சீனி வருத்தம் இல்லாத ஆள். அதற்கான குளிசையும் இல்லை, ஊசியும் இல்லை.

மே 5
ஒன்றுமில்லை.

மே 7
5.55க்கு 58.

இந்த எண்களை எழுதலாம், சத்தியம் பண்ண முடியாது. ஐ.எஸ்.ஓ. 15197இன் 2013ஆம் ஆண்டு விதிப்படி, 100க்குக் கீழே மீட்டர் 15 கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். 51 என்பது 36 ஆகவும் இருக்கலாம், 66 ஆகவும் இருக்கலாம். போதாததற்கு வெள்ளவத்தைக் கடற்காற்று: ஸ்ட்ரிப் போத்தலை ஒருநாள் திறந்து விட்டால் ஈரம் ஏறி முழுவதும் பாழ். மாம்பழம் வெட்டிய விரலைக் கழுவாமல் குத்தினால் 51கூட 110 ஆகிவிடும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, நுனியின் ஓரத்தில் குத்தவேண்டும். பிதுக்கக் கூடாது.

கொப்பியில் கோடு போட்டாயிற்று: நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, உடம்புக்கு என்ன செய்தது, மீட்டர், கொடுத்தது என்ன, 15 நிமிடத்துக்குப் பிறகு மீட்டர். மூன்றாவது கட்டத்தை அக்காவையே நிரப்பச் சொன்னால், “ஒரு மாதிரி இருந்தது” என்று எழுதுகிறா. ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் வேலை. பயத்திலும் வரும், பசியிலும் வரும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, தெரிந்த ஆளின் பெயர் வராமல் போவது: இவை மூளைக்குச் சீனி போதாததால் வருபவை. டொக்டர் தேடுவது இரண்டாவது வகையை.

மே 9
டொக்டரைச் செனல் பண்ணி (நேரம் பதிந்து), இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து, நான்கு நிமிடம். வெறும்வயிற்றுச் சீனி 92. “பயம், வயசு, வாய்வு.” நோய்க்குறி இல்லாத நேரத்தில் எடுத்த 92க்கு என்ன பெறுமதி? மழை நிற்கும்போது கூரை ஒழுகவில்லை என்கிற மாதிரி.

மே 13
விடிய 4.50, மீட்டர் 47. அக்கா கண் திறந்திருந்தா, என்னைத் தெரியவில்லை. 1990 நம்பருக்குப் போன் எடுத்து, அம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. (பெயர் வேண்டாம்.)

கனுலா போட்டார்கள், உடனே 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லி ஏற்றினார்கள். அது 25 கிராம் குளுக்கோஸ். உயிர் முக்கியம், பிழை சொல்லவில்லை. ஆனால் கனுலா போட்ட அதே கையால், டெக்ஸ்ட்ரோஸ் ஏறுவதற்கு முன், ஒரு நிமிடத்தில் 10 மில்லி இரத்தம் எடுத்திருக்கலாம். இந்த முழுச் சங்கதியும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கிடக்கிறது. அதன்பிறகு ஓர் இரத்தம் எடுத்தார்கள், சிவப்பு மூடிக் குழாயில். அது டிரேயில் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. குழாய்க்குள்ளும் செங்குருதிக் கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 வீதம் போய்விடும். புளோரைட் போட்ட சாம்பல் மூடிக் குழாய்தான் வேண்டும். அதிலும் புளோரைட் முழுதாய்ப் பிடிக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் ஆகும். ஐஸில் வைத்து உடனே லேபுக்கு ஓடவேண்டும்.

மே 14
சாம்பல் மூடி. சாம்பல் மூடி.

மே 17
லீவு நாள். ஒரு வேலையும் நடக்காது. லாச்சியைக் கொட்டினேன்.

அத்தானுக்குச் சீனி வருத்தம். அவருடைய குளிசையும் அக்காவின் பிரஷர்க் குளிசையும் ஒரே மாதிரிக் கடதாசி உறைகளில், இரண்டும் சின்ன வெள்ளை வட்டம். பார்மசியில் அட்டையிலிருந்து பிரித்து உறையில் போட்டுக் கொடுத்தால் பெயரும் போச்சு. எது எது என்று சொல்லிப் பார்த்தேன். முதல் தரம் நானே பிழையாகச் சொன்னேன்.

கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் மாதிரியான சல்போனைல்யூரியாக்கள் கணையத்தைப் பிடித்துப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும். அதனால் இன்சுலினும், கணையம் அதோடு சேர்த்து விடும் சி-பெப்டைட் என்ற துண்டும் சேர்ந்தே கூடும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருந்தாலும் இதே படம்தான். இரண்டையும் பிரிப்பது இரத்தத்தில் அந்த மருந்தைத் தேடும் சோதனை ஒன்றே. வெளியிலிருந்து ஊசியால் ஏறிய இன்சுலின் என்றால் இன்சுலின் கூடும், சி-பெப்டைட் தரையில் கிடக்கும்.

இரண்டு உறையும் இனி இரண்டு அலுமாரியில். அத்தானுடையதை இன்று எண்ணினேன்: 46. காலை ஒன்று.

முடி கொட்டுவதற்கென்று மகள் அனுப்பிய விற்றமினையும் நிறுத்தச் சொன்னேன், அதில் பயோட்டின். பல லேப் முறைகளில் பயோட்டின் புகுந்தால் இன்சுலினும் சி-பெப்டைடும் குறைவாகக் காட்டும், அட்ரீனல் சுரப்பியின் கோர்ட்டிசோல் கூடுதலாகக் காட்டும். குறைந்தது மூன்று நாள் இடைவெளி.

“மயிருக்குப் போட்டதும் குற்றமாடா தம்பி?”

மே 20
இரண்டாவது டொக்டர். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தவர் இவர்தான்.

ஏழு தரத்தில் ஆறு, விடியற்காலை. சாப்பிட்டு நாலு மணித்தியாலத்துக்குள் விழுந்தது ஒன்றே ஒன்று. அதுதான் அதிகம் என்றால் கலப்புச் சாப்பாடு கொடுத்து ஐந்து மணித்தியாலம் பார்க்கவேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கும் சோதனை இதற்கு உதவாது. சுகதேகிகளிலும் சிலருக்கு அதில் 50க்குக் கீழே போகும். எங்களுடையது பட்டினியில் விழும் வகை. அதற்கு ஆஸ்பத்திரியில் கட்டில் எடுத்து, பட்டினி போட்டுப் பார்க்கவேண்டும்.

அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிள் 1938இல் வைத்த மூன்று நிபந்தனை இன்னும் மாறவில்லை: நோய்க்குறி, அதே நேரத்தில் லேபில் குறைந்த சீனி, சீனி ஏறியதும் நோய்க்குறி போவது. எங்களிடம் ஒன்றும் மூன்றும் இருக்கின்றன. நடுவில் ஒரு சாம்பல் மூடி இல்லை.

மே 22
காலை 8 மணிக் கோர்ட்டிசோலும், அட்ரீனலைத் தூண்டும் சினக்தன் 250 மைக்ரோகிராம் போட்டு 30ஆம் நிமிடமும். இரண்டும் சரி. அட்ரீனல் பக்கம் மூடியாயிற்று. மூன்று மாதத்தில் 4 கிலோ கூடியிருக்கிறா. விழுந்துவிடுவேனோ என்று பனங்கட்டி கடித்துக் கடித்து.

மே 26
கட்டில் இல்லை.

மே 29
கட்டில் இல்லை.

ஜூன் 2
கிடைத்தது. கடைசி வாய் இரவு 7.00, இடியப்பமும் சொதியும். அந்த நிமிடம்தான் பூச்சியம். இனித் தண்ணீரும் சீனியில்லாப் பிளேன்ரீயும் மட்டும். பகலில் படுக்க விடக் கூடாது, நடக்கவேண்டும். உச்சம் 72 மணி. ஆறு மணிக்கொரு தரம் இரத்தம். 60க்குக் கீழே போனால் ஒன்றிரண்டு மணிக்கொரு தரம். 45க்குக் கீழே, நோய்க்குறியும் இருந்தால் முடிவு. தீர்மானிப்பது லேப் எண், கட்டிலடி மீட்டர் அல்ல. ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று நர்ஸ் மிஸ்ஸிடம் இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்க முதல் முறைத்தா.

ஜூன் 3
இரவு 1 மணி, 82. காலை 7, 70. வீட்டில் 10 மணித்தியாலத்தில் விழும் ஆள் இங்கே 12ஆம் மணியில் நடைபாதையில் கதை பேசிக்கொண்டு போறா. விழாவிட்டால்?

பகல் 1 மணி, 58.

பின்னேரம் 4 மணி, 53. “தலை பாரம், வேற ஒன்றுமில்லை.”

இரவு 7, 48. 100இலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொன்னார்கள். 93, 86, 79, 72. மத்தியானம் 65இல்கூட நிற்காமல் கடகடவென்று போனவ, இப்போது 72இல் நின்று ஜன்னலைப் பார்த்தா.

இரவு 10, 27ஆம் மணி. 43. 93க்கு அப்பால் போகவில்லை, என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டா. முதலில் குழாய்கள்: குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைட், புரோஇன்சுலின், கீற்றோன் (பட்டினியில் கொழுப்பு எரிந்து வருவது, இன்சுலின் இருந்தால் வராது), இன்சுலின் எதிர்ப்பொருள், சல்போனைல்யூரியா. பிறகு, ஈரலிலிருந்து சீனியை வெளியே விடவைக்கும் குளுக்ககன், 1 மில்லிகிராம் நாளத்தில். 10 நிமிடம் 57, 20 நிமிடம் 69, 30 நிமிடம் 76. ஏற்றம் 33. அது 25ஐத் தாண்டினால், ஈரலில் சீனி இருக்கிறது, இன்சுலின்தான் வெளியே விடாமல் பூட்டியிருந்தது என்று பொருள். 27 மணிப் பட்டினிக்குப் பிறகும் கீற்றோன் 0.4. சாதாரண ஆளுக்குச் சீனி இவ்வளவு இறங்கினால் கீற்றோன் 2.7ஐத் தாண்டியிருக்கும். பூட்டு என்பதற்கு அது இரண்டாவது சாட்சி.

பிறகு பாண், பருப்பு, சீனி போட்ட தேத்தண்ணி.

ஜூன் 4
மூடி சாம்பல். நான் பார்த்தேன். ஐஸ் பார்த்தேன்.

ஜூன் 9
இன்சுலின் குழாயில் கலங்கள் உடைந்திருந்தால்? உடைந்த கலத்திலிருந்து வரும் நொதியம் இன்சுலினைத் தின்னும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்ததா என்று யாரிடம் கேட்பது.

ஜூன் 13
இன்சுலின் 11 (3க்கு மேல் என்றாலே அதிகம்). சி-பெப்டைட் 2.1 (எல்லை 0.6). எதிர்ப்பொருள் இல்லை. ஸ்கேன் இனித்தான்: இன்சுலின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் 2 சென்டிமீற்றருக்குள், சி.ரி. ஸ்கேனில் தப்பும், உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கூடுதலாய்ப் பிடிக்கும். சல்போனைல்யூரியா முடிவு இன்னும் வரவில்லை.

ஜூன் 15
வீட்டில் 10 மணி, வாட்டில் 27 மணி. ஏன்? கிளிபென்கிளமைட் வயதான உடம்பில் ஒரு நாளுக்கு மேலும் நிற்கும்.

ஜூன் 16
5.40. மீட்டர் 49. சீனித் தண்ணி. 74.

அத்தானின் உறை: இன்றைய குளிசை போட்டபின் 16 இருக்கவேண்டும். 15.