ஒரு மீற்றர், இரண்டு அடுப்பு

2025 ஜூலை 6, கல்லடி, மட்டக்களப்பு

நாலு நாளாகக் கச்சான் காற்று. கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் ஒரு கொட்டுக்கு, ஒரு சிமெந்து வளையத்துக்கு, மேல் இறங்கியிருக்கிறது. ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன், சவர். போன மாதம் தேநீருக்குத்தான் ஆகாமல் இருந்தது. இப்போது சவர்க்காரமும் நுரைப்பதில்லை.

முன் வீட்டில் வீட்டுக்காரப் பெரியம்மா, பின் வீட்டில் வாடகைக்கு நாங்கள். கிணறு ஒன்று, குழாய்த் தண்ணீர் இணைப்பும் ஒன்று. மாரியில் குளிப்பும் துவைப்பும் கிணற்றில் நடந்துவிடும். இந்த வெயிலில் எல்லாவற்றுக்கும் குழாய்தான்.

ஜூலை 13

குளியலறைக் குழாயின் பிடி கையோடு கழன்று வந்தது. உள்ளே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. இந்த வருசம் மூன்றாவது குழாய். பெரியம்மாவும் கிணற்று மோட்டரை இரண்டு தரம் திருத்திவிட்டார். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். முற்பணம், மின்கட்டணம், சுவரில் ஆணி அடிப்பது வரைக்கும் எழுதியிருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜூலை 20

தண்ணீர் பில் வந்தது, 34 அலகு. வழமைபோலப் பாதிப் பாதி. ஆனால் இன்று கணக்கை இருந்து பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஒரு அலகு 1000 லீற்றர். வீட்டுப் பாவனைக்கு விலை படிபடியாக ஏறும், கூடப் பாவிக்கும் அலகுகளுக்குக் கூடின விலை. எங்கள் இரண்டு குடும்பமும் ஆளுக்கு 17 அலகுதான் பாவித்திருக்கும். இரண்டு மீற்றர் இருந்தால் இரண்டு வீடும் கீழ்ப்படியிலேயே நின்றிருக்கும். ஒரே மீற்றரில் ஓடியதால் 17க்கு மேற்பட்ட அலகெல்லாம் மேல்படி விலையில். மீற்றருக்கான மாதக் கட்டணம் இரண்டாகும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் தனி மீற்றர்தான் லாபம். 2022 செப்டம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணம் ஏறியபோதே இதைக் கவனித்திருக்க வேண்டும். சிக்கனமாக இருக்கும் இரண்டு வீடு, வளவு ஒன்று என்பதற்காக ஊதாரி வீட்டின் விலையைக் கட்டுவது சரியே இல்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. மாமாங்கக் கோயிலில் தீர்த்தம், சரியான சனம். அப்பாவுக்காக முழுகிவிட்டு வந்தோம்.

ஜூலை 27

வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். வாடகை 6000 ரூபாய் குறைவு, முற்றமும் பெரிது. குழாய் இன்னும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல. குடிக்கிற தண்ணீருக்குக் கான், கோடையில் பவுசர், அதை இறக்கிவைக்க ஒரு தாங்கி என்று கூட்டினால் அந்த 6000 நிற்காது. வீட்டுக்காரர் நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னார்: "குழாய் வந்தா வாடகை கூட்டுவன் தங்கச்சி. இணைப்புக் காசு நான்தானே கட்டணும்." அவரையும் பிழை சொல்ல முடியாது.

ஓகஸ்ட் 3

பின்னேரம் கணக்குக் கொப்பியோடு பெரியம்மாவிடம் போனேன். இந்தப் பின் வீடு மகளுக்குச் சீதனமாகக் கட்டியது. மகள் வெளிநாட்டில். எங்கள் வாடகையில்தான் அவருடைய மருந்துச் செலவு போகிறது. வாடகையைக் கூட்டத்தான் நினைத்திருந்தாராம், மோட்டர்ச் செலவு தாங்காமல்.

கிணற்றைப் பற்றிக் கேட்டேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு இந்தக் கிணற்றை மெசின் வைத்து இறைத்தார்களாம். "இறைக்க இறைக்க உப்புத்தான் மனே ஏறிச்சு. மாரி மழை பேஞ்சு பேஞ்சுதான் தெளிஞ்சது." ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். மழைத் தண்ணீர் அந்த மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டர் ஒரேயடியாக உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும். வாளியால் அள்ளிய காலத்தில் இது இவ்வளவு இல்லை என்கிறார்.

பேசி முடித்தோம். பின் வீட்டுக்குத் தனி மீற்றருக்கு விண்ணப்பிப்பது. இணைப்புக் காசு பெரியம்மா, உள்ளே குழாய் போடும் செலவு நாங்கள். வாடகை தை வரைக்கும் இதே. மோட்டர் காலையில் கால் மணித்தியாலம், பின்னேரம் கால் மணித்தியாலம்.

எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மோட்டர் வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.