மைனஸ் இரண்டு நோயாளிகள்

எங்கள் அறக்கட்டளை 62 கிராமங்களில் பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, காலாண்டுக்கு ஒருமுறை அட்டவணை போடுவது என் வேலை. நிதி கொடுப்பவர்கள் கேட்பார்கள், கல்லூரிகளில் ஆய்வு செய்பவர்கள் கேட்பார்கள். பெயர், போன் நம்பர், ஆதார் எண் இருக்கும் பத்திகளை அழித்துவிட்டு எக்செல் தாளை அப்படியே அனுப்பிவிடுவோம். அது போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன வருடம் ஒரு மதியம் அப்படி ஒரு தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. ஊர், வயது, ஆணா பெண்ணா, முதன்முதலில் வந்த தேதி. இவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துப் பத்தியில் அவருடைய நோயும் இருந்தது. அதை அவர் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. யார், என்ன நோய் என்று இங்கேயும் எழுத மாட்டேன். தாளை மூடிய பிறகு அன்று வேறு வேலை ஓடவில்லை.

பெயரை அழித்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை 1990களிலேயே லடான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்திருந்தார்கள். 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலை அதோடு சேர்த்துப் பார்த்து, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே அவர் எடுத்துவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் போதுமாக இருந்தது. 150 வீடு இருக்கிற எங்கள் ஊர்களில் அவ்வளவுகூடத் தேவையில்லை.

அப்புறம்தான் டிஃபரன்ஷியல் பிரைவசி என்ற, தனிநபரை மறைத்து எண்ணிக்கையை வெளியிடும் முறையின் பக்கம் போனேன். சிந்தியா டுவர்க் என்ற கணினி அறிவியலாளரும் இன்னும் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. ஒரு ஆள் பதிவேட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே வரும் எண் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்க வேண்டும். அதற்காக எண்ணோடு அளந்து கொஞ்சம் இரைச்சலைக் கலக்கிறோம்; அதாவது, குலுக்கல் போல வரும் ஒரு சிறு எண்ணைக் கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம். எவ்வளவு கலப்பது என்பதை எப்சிலான் என்ற எண் தீர்மானிக்கிறது. அது சிறியதாக இருந்தால் இரைச்சல் அதிகம், பாதுகாப்பும் அதிகம்.

முதலில் பைத்தானில் நானே நாலு வரி எழுதினேன். பிறகுதான், கணினி தசம எண்களைச் சேமிக்கும் விதத்திலேயே உண்மை எண் கசிய முடியும் என்று இல்யா மிரனோவ் என்ற ஆய்வாளர் 2012-ல் காட்டியிருப்பது தெரிந்தது. என் நாலு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட ஓப்பன்டிபி என்ற நிரல் நூலகத்துக்கு மாறினேன். நிறுவ பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஆனது மூன்று மாதம்.

முதல் சிக்கல், ஒரு ஆள் என்றால் எத்தனை வரி? எங்கள் தாளில் ஒவ்வொரு வருகையும் ஒரு வரி. மாதம் ஒருமுறை பார்க்கிறவருக்குக் காலாண்டில் மூன்று வரி; வாராவாரம் பிபி பார்க்க வேண்டியவருக்கு 13. ஒருவரை மறைக்க வேண்டுமென்றால் அவருடைய எல்லா வரிகளையும் மறைக்க வேண்டும். எப்சிலான் 0.5 வைத்துத் தலைகளை எண்ணினால், இருபதில் பத்தொன்பது தடவை பிழை 6-க்குள் நிற்கும். வருகைகளை எண்ணினால், ஒருவரின் 13 வரியையும் மறைக்க வேண்டியிருப்பதால், அதுவே 13 மடங்காகி 78 வரை போகும். சரி, தலைகளைத்தான் எண்ணுவது என்று முடிவு செய்தோம். பிபியும் சுகரும் சேர்ந்து இருப்பவர் இரண்டு அட்டவணையிலும் வருவார் என்பதால், ஒரு காலாண்டில் செலவு செய்யலாம் என்று வைத்திருந்த 1 எப்சிலானை அட்டவணைக்குப் பாதியாக இரண்டுக்கும் பிரித்தேன். ஒருவர் ஒரே ஊரில்தான் எண்ணப்படுகிறார் என்றால் 62 ஊருக்கும் சேர்த்து அதே எப்சிலான் செலவுதான். நடுவில் ஊர் மாறியவர்களைக் காலாண்டின் முதல் ஊரிலேயே வைத்துக்கொண்டோம். அதைக் கவனிக்க மட்டும் ஒரு வாரம் பிடித்தது.

முதல் அட்டவணையைச் செவிலியர்கள் கூட்டத்தில் காட்டினேன். மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றைச் சிஸ்டர் ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். அங்கே சுகர் நோயாளிகள் -2 என்று வந்திருந்தது.

“மேடம், மைனஸ் ரெண்டு பேருக்கு நான் எப்படி மாத்திரை கொண்டு போறது?”

அந்தக் கேள்விதான் இந்த வேலையை ஒழுங்குபடுத்தியது. மாத்திரை கொடுப்பதற்கு அவர் கையில் இருக்கும் பதிவேடுதான். அதில் இரைச்சல் கலக்கவே கூடாது. இரைச்சல் கலந்த எண் வெளியே போகிற தாளுக்கு மட்டும். இரண்டும் வேறு என்பதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், மூன்று பேர் இருக்கிற ஊருக்குத் தனி வரி வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லை. ஊர்வாரியாகப் போடுவதை விட்டுவிட்டு, ஒன்பது துணை சுகாதார நிலையங்கள் வாரியாகப் போட்டேன். சில நூறு பேர் இருக்கிற இடத்தில் 6 கூடினாலும் குறைந்தாலும் யாருடைய முடிவும் மாறாது. ஊர்வாரி அட்டவணையில் மைனஸை எல்லாம் பூஜ்யமாக்கிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்வதால் ரகசியம் கெடாது. ஆனால் குறைகிற பக்கத்தை மட்டும் வெட்டுவதால் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் நிர்வாகி ஒத்துக்கொள்ளச் சில வாரம் ஆனது. “தப்பான எண்ணை எப்படிக் கொடுப்பது?” என்பதுதான் அவர் கவலை. நியாயமான கவலை. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில மொத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஊர், தெருத் தொகுதி வரையிலான மக்கள் எண்ணிக்கையில் இப்படித்தான் இரைச்சல் கலந்தார்கள் என்று காட்டினேன். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பிழை அளவைத் தமிழில் எழுதிப் போடுவது என்று பேசி முடித்தோம்.

மீதி இருப்பது பழைய தாள்கள். பெயரை மட்டும் அழித்து இதுவரை 14 பேருக்கு அனுப்பியிருக்கிறோம். எல்லோருக்கும் காரணத்தைச் சொல்லி, அழித்துவிடும்படி கேட்டு எழுதினேன். 11 பேர் அழித்துவிட்டதாகப் பதில் போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்று பேருக்கு நாளைக் காலையில் மறுபடி போன் செய்கிறேன்.